மேடையா, பதிவேடா? ஆளும் கட்சிக்குள் ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் மேலே வருவது எப்படி

கேள்வி, 3 ஜூலை

குன்னூரில் படிக்கிறேன். சோவியத் ரஷ்யாவில் லெனினுக்குப் பிறகு ட்ராட்ஸ்கிதான் தலைவராக வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பேச்சு, எழுத்து, செம்படை எல்லாம் அவரிடம் இருந்தது. ஸ்டாலின் போலீசையும் துப்பாக்கியையும் வைத்துத்தான் மேலே வந்தார். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் மேலே வர வேறு வழியே இல்லை. தவறென்றால் சொல்லுங்கள்.

3 ஜூலை, இரவு

தவறு, தம்பி. துப்பாக்கி பின்னால் வந்தது. முதலில் வந்தது காகிதம்.

1922 ஏப்ரல் 3 அன்று ஸ்டாலின் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். அன்று அதைப் பெரிய பதவியாக யாரும் நினைக்கவில்லை. கடிதம் பிரிப்பது, கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரல் போடுவது, எந்த ஊருக்கு எந்தத் தோழரை அனுப்புவது என்று பட்டியல் எழுதுவது. புரட்சி செய்தவர்களுக்கு இதெல்லாம் குமாஸ்தா வேலை. ட்ராட்ஸ்கியோ ஜினோவியேவோ, முன்னணித் தலைவர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்படவில்லை.

அந்த நாற்காலியிலிருந்து சக்கரம் எப்படிச் சுற்றியது என்று பார். மாகாணச் செயலாளர் யார் என்பதை மாஸ்கோவில் இருக்கும் செயலகம் முடிவு செய்கிறது. பெயருக்குத் தேர்தல் நடக்கும், ஆனால் பரிந்துரைத்த ஆள்தான் வருவார். அந்தச் செயலாளர் தன் மாகாணத்து மாநாட்டை நடத்துகிறார். அங்கிருந்து கட்சிப் பேராயத்துக்குப் பிரதிநிதிகள் போகிறார்கள். பேராயம் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. மத்தியக் குழு பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. அதாவது, தன்னைத் தேர்ந்தெடுப்பவர்களை அவரே அனுப்பி வைக்கிறார். ஒரு சுற்று முடிய ஓரிரு வருடம் ஆகும். அதுவரை பொறுமையாக இருப்பவனுக்குத் துப்பாக்கி தேவையில்லை.

1922இல் இருந்து 1929 வரை ஸ்டாலின் ஜெயித்த சண்டைகளில் பெரும்பாலானவை கையைத் தூக்கி எண்ணிய வாக்குகள். லெனின்கிராட் கட்சித் தலைவர் கிரோவின் கொலையும் அதைத் தொடர்ந்த சுட்டுத்தள்ளலும் 1934 டிசம்பருக்குப் பிறகு. அதற்குள் அவர் உச்சியில் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது.

4 ஜூலை, காலை

நேற்று பாதியில் கரண்ட் போய்விட்டது. பந்தலூர்ப் பக்கம் ஜூலையில் இது வழக்கம். விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செயலக வேலையை ஸ்டாலின் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன் ஸ்வெர்ட்லோவ் இருந்தார். எந்தத் தோழர் எங்கே, என்ன குணம், என்ன திறமை என்பதையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்த மனிதர். 1919 மார்ச்சில் இறந்தார். அவரோடு அந்தப் பட்டியலும் போயிற்று. அதன் பிறகுதான் கட்சி காகிதத்தில் பதிவு செய்வதைப் பெரிய வேலையாக எடுத்தது. மொலோட்டோவ் ஒரு வருடம் அந்த மேசையைப் பார்த்தார். பிறகு ஸ்டாலின். ககனோவிச் அமைப்புத் துறைக்கு வந்ததும் 1922தான். இந்த மூன்று பேரும் சேர்ந்த மேசை அது.

இன்னொன்று. 1921 மார்ச்சில் பத்தாவது பேராயம் கட்சிக்குள் கோஷ்டி சேர்வதைத் தடை செய்தது. கொண்டுவந்தவர் லெனின். நெருக்கடி நேரம் என்பதால் செய்தார். ஆனால் தடை நீடித்தது. அதன் பிறகு செயலகத்தை எதிர்த்து நான்கு பேர் கூடிப் பேசினாலே அது கோஷ்டி. செயலகத்தின் ஆட்கள் கூடினால் அது கட்சி. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். கதவைப் பூட்டியவர் வேறு, சாவியை எடுத்துக்கொண்டவர் வேறு.

6 ஜூலை

தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: ‘ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்ய முடியுமா? நம்ப முடியவில்லை’ என்று. நான் நம்புகிறேன், ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு ஏறியவர்கள். என் அப்பா அம்மாவும் அப்படித்தான். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். தொழிற்சங்கக் கிளையில் உறுப்பினர் பதிவேடு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை.

கிளையில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் பேச்சாளர். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். அதை எதிர்த்து மூன்று நாள் வேலைநிறுத்தம் நடத்திக் காட்டியவர். பெண்கள் அவரைக் கண்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பேசுவார்கள். இன்னொருவர் சந்தா ரசீதுப் புத்தகத்தை வைத்திருந்தவர். மேடையில் அவர் பேசி நான் கேட்டதேயில்லை. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அறை வேண்டும், யார் மகனுக்கு பேக்டரியில் வேலை கேட்கிறார்கள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும்.

கிளை மாநாடு வந்தது. 25 உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதி. இரண்டு மாதம் சந்தா பாக்கி இருந்தால் பெயர் கணக்கில் வராது. தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷன் முழுக்கப் பேச்சாளரின் ஆட்கள். அங்கே 58 பேர், அதாவது இரண்டு பிரதிநிதிகள். மாநாட்டுக்கு முன் இரண்டு மாதம் மேல் டிவிஷனில் சில வீடுகளுக்குச் சந்தா வாங்க ஆள் போகவில்லை. மழை, வழுக்கல், ஆள் இல்லை என்று காரணம். பிறகு ரசீதுக்காரர் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ‘இவங்க பாக்கி. விதிப்படி கோடு போடு தம்பி’ என்றார். ஒன்பது பெயர். சிவப்பு மையால் கோடு போட்டேன். 49 ஆயிற்று. ஒரு பிரதிநிதிதான்.

பேச்சாளர் ஒரே ஓட்டில் தோற்றார். அந்த ஒரு பிரதிநிதி வந்திருந்தால் சரிசமம் ஆகியிருக்கும்.

விதிப்படி நடந்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஸ்டாலினின் செயலகம் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

7 ஜூலை

‘லெனினே எச்சரித்தாரே, ஏன் யாரும் கேட்கவில்லை?’ என்று ஒருவர். நல்ல கேள்வி.

1922 டிசம்பர் கடைசியில், பக்கவாதத்தில் படுத்திருந்த லெனின் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்புகள் அவை. பொதுச்செயலாளரான பின் ஸ்டாலின் கையில் அளவற்ற அதிகாரம் குவிந்துவிட்டது, அதை எச்சரிக்கையோடு பயன்படுத்துவாரா என்று நிச்சயமில்லை என்கிறார். 1923 ஜனவரி 4 அன்று இன்னும் கடுமையாக: அவர் முரட்டுத்தனமானவர், பதவியிலிருந்து அவரை மாற்ற வழி பாருங்கள். மார்ச்சில் மூன்றாவது தாக்குதல். பேச்சே போய்விட்டது. 1924 ஜனவரி 21 அன்று மறைந்தார்.

அந்த மே மாதம் பதின்மூன்றாவது பேராயத்தின்போது குறிப்புகள் பிரதிநிதிக் குழுக்களிடம் தனித்தனியாக வாசிக்கப்பட்டன. பொது அமர்வில் விவாதம் இல்லை. ஸ்டாலின் விலகுவதாகச் சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்று நின்றவர்கள் ஜினோவியேவும் காமனேவும். அவர்கள் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரிந்தவர் ட்ராட்ஸ்கி. செம்படையைக் கட்டியவர், நெப்போலியன்போல ஆகிவிடுவாரோ என்ற பயம். ஸ்டாலின் அவர்களுக்கு மேசையடியில் இருக்கும் ஆள். இருவரையும் 1936இல் சுட்டுக் கொன்றார்கள்.

ட்ராட்ஸ்கியின் மேலும் குறை உண்டு. 1917இல்தான் லெனினின் போல்ஷிவிக் கட்சிக்கு வந்தவர். பழைய தோழர்கள் அதை மறக்கவில்லை. 1923 இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டைக்குப் போய் சதுப்பில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். முக்கியமான மாதங்கள் படுக்கையில் போயின. லெனினின் இறுதி ஊர்வலத்துக்கும் வரவில்லை. தெற்கே சிகிச்சைக்குப் போகும் வழியில் இருந்தார், தேதியைத் தவறாகச் சொன்னார்கள் என்று பின்னால் எழுதினார். சாவு வீட்டுக்கு வராதவனை நம் லயத்தில் மன்னிப்பார்களா? அங்கும் அப்படித்தான்.

9 ஜூலை

முதல் குறிப்பில் ஒன்றைத் திருத்த வேண்டும். பொறுமை, காகிதம் என்று எழுதியதில் ஸ்டாலின் எந்நேரமும் அடிக்கக் காத்திருந்தவர் என்ற தோற்றம் வந்துவிட்டது. இருபதுகளில் பார்த்தவர்களுக்கு அவர் நடுநிலைக்காரராகத் தெரிந்தார். ட்ராட்ஸ்கியைக் கட்சியை விட்டே நீக்கு என்று முதலில் வற்புறுத்தியவர்கள் ஜினோவியேவின் ஆட்கள். ஸ்டாலின் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று ஒருவரை வெட்டினால், நாளை இன்னொருவர், நாளை மறுநாள் மூன்றாமவர், கடைசியில் கட்சியில் யார் மிஞ்சுவார் என்று 1925 டிசம்பர் பேராயத்தில் கேட்டார்.

பிறகு வெட்டினார். 1925இல் ஜினோவியேவ், காமனேவ் தோற்றனர். 1927 நவம்பரில் ட்ராட்ஸ்கியும் ஜினோவியேவும் நீக்கப்பட்டனர். 1929 நவம்பரில் புகாரின் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து போனார். ஒவ்வொரு முறையும் அவர் பக்கம் பெரும்பான்மை. முந்தைய சண்டையில் உதவியவர்தான் அடுத்த சண்டையின் எதிரி.

1924இல் ‘லெனின் சேர்க்கை’ என்று இரண்டு லட்சத்துக்கு மேல் புதிய உறுப்பினர்களைச் சேர்த்ததையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தொழிலாளிகள். 1917இல் யார் எங்கே நின்றார் என்று பார்த்தவர்கள் இல்லை. கட்சி என்றால் அவர்களுக்குத் தங்களைச் சேர்த்துக்கொண்ட செயலாளர்.

10 ஜூலை

தம்பி விடுவதாக இல்லை. ‘அப்படியானால் பதிவேடு இருந்தால் தோற்கவே முடியாதா?’

1957ஐயும் 1964ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார். மாலென்கோவ் பிரதமர் ஆனார், கட்சிச் செயலகத்தையும் வைத்திருந்தார். சுமார் பத்தே நாளில் செயலகத்தை விட்டுக்கொடுத்தார். அது குருஷேவ் பக்கம் போயிற்று. செப்டம்பரில் அவர் முதல் செயலாளர், அதாவது கட்சித் தலைவர். அரசாங்கம் பெரிது, கட்சி மேசை சிறிது என்று முப்பது வருடம் கழித்தும் ஒருவர் நினைத்திருக்கிறார்!

1957 ஜூனில் மொலோட்டோவ், மாலென்கோவ், ககனோவிச் எல்லோரும் சேர்ந்து தலைமைக் குழுவில் ஏழுக்கு நான்கு என்று குருஷேவைக் கவிழ்த்தார்கள். என்னைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு, அதுதான் நீக்க வேண்டும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பாதுகாப்பு அமைச்சர் ஜுக்கோவ் ராணுவ விமானங்களில் மாகாணங்களிலிருந்து மத்தியக் குழு ஆட்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களில் பெரும்பாலோர் மாகாணச் செயலாளர்கள், குருஷேவ் மேலே கொண்டுவந்தவர்கள். கணக்கு தலைகீழாயிற்று. தோற்றவர்களைச் சுடவில்லை. மொலோட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதர். மாலென்கோவுக்குக் கஜகஸ்தானில் ஒரு மின்நிலையம். அந்த அக்டோபரிலேயே ஜுக்கோவுக்கும் வேலை போயிற்று.

1964 அக்டோபரில் அதே மத்தியக் குழு குருஷேவை வீட்டுக்கு அனுப்பியது. இடையில் அவர் கட்சி அமைப்பைத் தொழில், விவசாயம் என்று இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு செயலாளரின் அதிகாரத்தையும் பாதியாக்கியிருந்தார். பேராயம்தோறும் குழுக்களில் ஒரு பங்கு மாற வேண்டும் என்றும் விதி போட்டார். அதுவரை அவரால் வாழ்ந்தவர்கள் அவரால் பயந்தார்கள். கருங்கடல் ஓரம் ஓய்வில் இருந்தவரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்கலாம், அந்தப் பெயருக்குரிய மனிதன் மாறிவிட்டால் பட்டியல் பயன்படாது.

13 ஜூலை

மழை விட்டிருக்கிறது. இன்று மலைக்காரனாக ஒரு செய்தி.

கோர்பச்சேவ் மேலே வந்ததில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பங்கு உண்டு. அவர் 1970இல் ஸ்டாவ்ரோபோல் பகுதியின் முதல் செயலாளர். காக்கசஸ் மலையடிவாரம். கிஸ்லோவோட்ஸ்க் போன்ற தாதுநீர் ஊர்கள் அங்கே இருக்கின்றன. மாஸ்கோவின் பெரிய மனிதர்கள் சிறுநீரகத்துக்கும் மூட்டுக்கும் வைத்தியம் பார்க்க அங்கேதான் வருவார்கள். வருபவரை வரவேற்று, கூட நடந்து, கதை கேட்பது உள்ளூர்ச் செயலாளரின் கடமை. உளவுத்துறையான கேஜிபியின் தலைவர் ஆண்ட்ரோபோவ் அடிக்கடி வந்தார். மற்ற மாகாணச் செயலாளர்களுக்குக் கிடைக்காத மாலைப்பொழுதுகள் இவருக்குக் கிடைத்தன.

1978 செப்டம்பர் 19. பாகு போகும் வழியில் பிரெஷ்னேவின் ரயில் மினரல்னியே வோடி நிலையத்தில் நின்றது. கூட செர்னென்கோ. வரவேற்க ஆண்ட்ரோபோவும் கோர்பச்சேவும். அந்த ஒரு பிளாட்பாரத்தில் அன்றைய பொதுச்செயலாளர் பிரெஷ்னேவும், அவருக்குப் பின் அடுத்தடுத்து அந்தப் பதவிக்கு வரப்போகிற மூன்று பேரும் நின்றிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வேளாண்மைச் செயலாளர் குலாகோவ் இறந்து இடம் காலியாக இருந்தது. குலாகோவும் பழைய ஸ்டாவ்ரோபோல் செயலாளர்தான். நவம்பரில் அந்த இடம் கோர்பச்சேவுக்கு. 1985 மார்ச் 11 அன்று பொதுச்செயலாளர்.

ஊட்டி வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். ஓய்வுக்கு வரும் பெரிய மனிதரைக் கவனித்துக்கொண்டவர் வீட்டுக்கு எப்படி நல்ல காலம் பிறக்கும் என்பதை இங்கே வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் இந்தக் கதை எனக்கு உடனே புரிந்தது.

14 ஜூலை

கூடலூரிலிருந்து ஒருவர் கேரளத்தைக் கேட்கிறார். எல்லை தாண்டினால் கேரளம்தானே. சுருக்கமாக: அங்கே ஓட்டு போடுகிறவன் வெளியே இருக்கிறான், அதனால் சக்கரம் முழுசாகச் சுற்றாது. பினராயி விஜயன் 1998இல் இருந்து 2015 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர். கட்சி அவர் கையில். ஆனாலும் 2006இல் அச்சுதானந்தனுக்கு முதலில் சீட்டு இல்லை என்றவர்கள், மக்கள் எதிர்ப்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டி வந்தது. அவரே முதல்வரும் ஆனார். பினராயி முதல்வரானது 2016இல். மாஸ்கோவில் வீதியில் நின்று அப்படிக் கத்த யாருக்கும் வழி இருக்கவில்லை.

18 ஜூலை

சீனா பற்றிக் கேட்டவர்களுக்கு. தாமதத்துக்கு மன்னிக்கவும், பச்சைத் தேயிலை விலை பேசும் கூட்டங்களில் இருந்தேன்.

என் பதிவேட்டுக் கொள்கையைச் சீனா கொஞ்சம் அசைக்கிறது. மாவோ இறந்த பின் ஹுவா குவோஃபெங்கிடம் கட்சித் தலைமை, பிரதமர் பதவி, ராணுவ ஆணையம் மூன்றும் இருந்தன. டெங் சியாவோபிங் 1977 ஜூலையில்தான் திரும்பி வந்தார். 1981 ஜூனுக்குள் ஹுவாவிடமிருந்து மூன்றும் போய்விட்டன. டெங் கட்சித் தலைவராகவோ பிரதமராகவோ ஆகவேயில்லை. அந்த மூன்றில் ராணுவ ஆணையத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நாற்பது வருடம் படையோடும் கட்சியோடும் நடந்தவருக்கு இருந்த தொடர்பு ஹுவாவுக்கு இல்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கும் மேசை இருக்கிறது. 1977 டிசம்பரில் டெங்கின் கூட்டாளி ஹூ யாவ்பாங் கட்சியின் அமைப்புத் துறைக்குத் தலைவர் ஆனார். கலாச்சாரப் புரட்சியில் துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொருவராகக் களங்கம் நீக்கி வேலைக்குத் திரும்ப அழைத்தார். திரும்பி வந்தவர்கள் யார் பக்கம் நிற்பார்கள்? பெயரை நீக்கி ஜெயித்த ஸ்டாலினை மட்டுமே நான் எழுதிக்கொண்டிருந்தேன். பெயரைத் திரும்பச் சேர்த்தும் ஜெயிக்கலாம். இதை எழுதும்போதே மனசு லேசாகிறது.

ஷி ஜின்பிங்: அப்பா கட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்து வீழ்ந்தவர் என்பதால் கட்சியில் சேர அவர் போட்ட மனுக்கள் பல முறை திரும்பின. 1974இல்தான் சேர்ந்தார். ஷான்ஷி மாகாணத்து மண்குகை வீட்டுக் கிராமம். 1982இல் ஜெங்டிங் மாவட்டம், பிறகு ஃபூஜியனில் பதினேழு வருடம், ஜெஜியாங், சில மாதம் ஷாங்காய். 1997இல் மத்தியக் குழுவின் மாற்று உறுப்பினர் பட்டியலில் கடைசிப் பெயர். 2012 நவம்பரில் பொதுச்செயலாளர். யாருக்கும் பயம் தராமல் இருந்ததுதான் அவருடைய ஏணி என்று நினைக்கிறேன். வந்த பிறகு வாங் கிஷான் தலைமையில் கட்சியின் ஒழுங்கு ஆணையம் போ யாங்காங் போன்றவர்களைக்கூட விடவில்லை. 2018 மார்ச்சில் அதிபர் பதவிக்கால வரம்பு நீங்கியது.

18 ஜூலை, சற்றுப் பிறகு

பெயர் பிழை. மேலே ‘போ யாங்காங்’ என்று இரண்டு பேரை ஒட்டிவிட்டேன். போ சிலாய் வேறு, ஜோ யோங்காங் வேறு. ஆணையம் விடாதது ஜோவை. போ, ஷி வருவதற்கு முன்பே வீழ்ந்துவிட்டவர். போவுக்கு 2013 செப்டம்பரில் ஆயுள் தண்டனை, ஜோவுக்கு 2015 ஜூனில். ஜோ கட்சியின் உச்சக் குழுவான நிலைக்குழுவில் இருந்தவர், அதனால்தான் அது அவ்வளவு பெரிய செய்தி.

22 ஜூலை

6ஆம் தேதி எழுதியதையும் திருத்த வேண்டும்.

பழைய டிரங்குப் பெட்டியில் அந்த வருடத்து என் குறிப்பு நோட்டு கிடைத்தது. ரசீதுக்காரர் கொடுத்த துண்டுக் காகிதத்தை அதில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது இல்லை, பதினான்கு பெயர். 58இல் ஒன்பது போனாலே ஒரு பிரதிநிதி குறைந்துவிடும். ஐந்து பெயர் கூடுதலாகப் போயிருக்கிறது. பாதுகாப்புக்கு எடுத்தாரோ, அந்த ஐந்து பேர்மேல் வேறு கோபமோ. கேட்க அவர் இப்போது இல்லை.

பதினோராவது பெயர் என் சித்தி. அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

24 ஜூலை

நேற்று சித்தி வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. மாநாட்டைப் பற்றி நான் ஆரம்பித்ததும் அவரே சொன்னார்: ‘ரெண்டு மாசம் சந்தாக் காச முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். யாரும் வரல. நீயாச்சும் வருவேன்னு பாத்தேன்.’

கோடு போட்டது நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அந்தப் பெயர்களை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் எந்த லயம், எத்தனையாவது வீடு, பிள்ளைகள் இப்போது திருப்பூரிலா கோயம்புத்தூரிலா என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்கு பேரில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், சித்தியைச் சேர்த்து. இருவர் இன்னும் அதே லயத்தில். ஒருவர் சேரம்பாடியில் மகள் வீட்டில், இன்னொருவர் கொளப்பள்ளியில்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் சேரம்பாடிக்குப் போகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு வா, நானும் வருகிறேன் என்று சித்தி சொல்லியிருக்கிறார். தம்பி, உன் அடுத்த கேள்விக்குத் திங்கட்கிழமை பதில் எழுதுகிறேன்.